எஸ்ராவின் ஓட்டு

அமெரிக்காவில் தென் மாநிலங்களோடு சண்டை மூண்டு, வடக்கே ஒஹையோவில் படைக்கு ஆள் சேர்த்தார்கள். கேப்டனைச் சிப்பாய்களே கைதூக்கித் தேர்ந்தெடுக்க வேண்டும். எஸ்ரா கூடாரம் கூடாரமாகப் போய் வக்கீல் விட்கோம்புக்கு ஓட்டுக் கேட்டான்.

மச்சான் ஜேபஸுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“வெட்கமா இல்ல? பொய்ச் சாட்சி வச்சு உன் நிலத்தைப் பிடுங்கினவன்டா அவன்! என் தங்கச்சி அந்த ஏக்கத்துலயே செத்தா!”

எஸ்ரா அடுத்த கூடாரத்துக்குள் நுழைந்தான். ஓட்டெடுப்பில் முதலில் உயர்ந்ததும் அவன் கைதான்.

ஜெயித்த வக்கீல் வந்து அவன் தோளைத் தட்டினார். “பழசை மறந்துட்டியே, பெரிய மனசுய்யா உனக்கு!”

அவர் நகர்ந்ததும் ஜேபஸ் காறித் துப்பினான். “சொரணை கெட்டவனே! அவனுக்குக் கீழ நீ சிப்பாயா?”

எஸ்ரா துப்பாக்கியைத் துடைத்துக்கொண்டே சொன்னான்: “சண்டையில கேப்டன்தான் முன்னாடி போகணும், மச்சான். நான் அவனுக்கு நேர் பின்னாடி வருவேன்.”