மூன்றாவது ஸ்பீக்கர்

“ஸ்பீக்கரா இது? ஒரே மாசத்துல மூணாவதை மாட்டியாச்சு, இதுவும் ஊமை!”

ஆராய்ச்சிக்காரி போட்ட சத்தத்தில் மெக்கானிக்கின் கையிலிருந்த ஸ்குரூடிரைவர் நழுவி விழுந்தது.

“கொஞ்சம் மெதுவா பேசுங்க மேடம். பக்கத்துலதானே நிக்கிறேன்.”

“மெதுவா பேசி என்ன ஆகப்போகுது? எலிங்களுக்கு இன்னியோட எட்டு வாரம். இன்னிக்கு அளக்கலேன்னா ஆறு மாச உழைப்பும் பாழ்!”

அவளுடைய எலிகளுக்குப் பொல்லாத நோய். உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே உடம்பைத் தாக்கும். முதலில் மூட்டு, அப்புறம் உள்காது. எலியை மயக்கி, காதுக்குள் குழாய் வழியே ‘டக், டக்’ என்று ஒலி அனுப்பினால், மூளையில் எழும் அலை திரையில் தெரியும். அலை வராவிட்டால் காது போச்சு. ஆனால், எலிக்கு வைக்கும் முன்னால் அளப்பவர் தன் காதில் வைத்துக் கேட்டாக வேண்டும். அது அந்த லேபின் சட்டம். இடது கை சுவிட்சில் இருக்கும், வலது கையால் குழாயை எடுத்து வலது காதில் வைப்பாள். பதினோரு வருடப் பழக்கம்.

மெக்கானிக் குழாயைத் தன் காதில் வைத்தார். “அட, ஜம்முனு கேக்குதே!”

அவள் பிடுங்கித் தன் காதில் வைத்தாள். மூச்!

“பாத்தீங்களா? நீங்க பிடிச்சா வேலை செய்யுது, நான் பிடிச்சா செத்துப்போகுது. எங்கேயோ லூஸ் கனெக்‌ஷன்.”

“எங்க வீட்டு மிக்ஸியும் இப்படித்தான் மேடம். என்னைக் கண்டா மட்டும் நல்ல பிள்ளையா ஓடும்.”

“ஜோக்கெல்லாம் அப்புறம். எல்லாத் திருகையும் இறுக்குங்க. நானே செஞ்சிருப்பேன், விரல் மடங்க மாட்டேங்குது. மாத்திரைக்கும் வீக்கம் குறையலை.”

இறுக்கினார். அவருக்குக் கேட்டது, அவளுக்குக் கேட்கவில்லை. மணி நான்கைத் தாண்டியது.

“பேசாம நல்ல எலி ஒண்ணை வெச்சுப் பாத்துடுங்களேன்.”

“நான் கேக்காம எலிக்கு வெக்கக் கூடாதுங்க!” என்றவள் கடிகாரத்தைப் பார்த்தாள். சட்டமாவது மண்ணாவது என்று, நோயில்லாத எலி ஒன்றை மயக்கிக் குழாயைப் பொருத்தினாள்.

திரையில் அழகழகாக அலைகள் எழுந்தன. ஒலியைக் குறைத்தாள். இன்னும் குறைத்தாள். அப்போதும் எழுந்தன.

“அப்பாடா! நான்தான் சொன்னேனே, ஸ்பீக்கர் தங்கம்!” மெக்கானிக் பெட்டியை மூடினார்.

அவள் எலியின் காதிலிருந்து குழாயை எடுத்தாள். ஒலியை நன்றாக ஏற்றி, வழக்கம்போல் வலது காதில் வைத்தாள். ஒன்றுமில்லை. வீங்கிய விரல்களால் அதை மெல்ல இடது காதுக்கு மாற்றினாள்.

டக், டக், டக்.