மருந்தடிப்பவனின் ரத்தம்

கட்டிலில் படுக்கச் சொன்னார் நர்ஸ். அவன் நகரவில்லை.

இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு சுவரோடு சுவராக நின்றான்.

அடுத்த அறையில் அவன் மனைவி நாகஜோதியை ஆபரேஷனுக்குத் தயார் செய்துகொண்டிருந்தார்கள். எட்டாம் மாதம். காலையில் கண் மங்கலாகத் தெரிகிறது என்றாள். பிறகு தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவள் எழுந்திருக்கவே இல்லை. இங்கே கொண்டுவந்து பார்த்தால் பிரஷர் ஏறிக்கொண்டே போகிறது. அவன் திராட்சைத் தோட்டத்திலிருந்து போட்டது போட்டபடி ஓடிவந்திருந்தான்.

ஒரு பாட்டில் ரத்தமாவது கையில் வேண்டும் என்றார்கள். அவளுடைய வகை இருப்பில் இல்லை. விரலில் குத்திப் பார்த்ததில் அவனுக்கும் அதே வகை என்று தெரிந்தது. அதைக் கேட்டதும் மாமியார் பவுன்தாய் நின்ற இடத்திலேயே கையெடுத்துக் கும்பிட்டாள்.

அவன் முடியாது என்றான்.

ஊசிக்குப் பயமா என்று நர்ஸ் கேட்டார். இல்லை என்று தலையாட்டினான்.

இப்படி ஒருத்தனை நம்பியா பெண்ணைக் கொடுத்தோம் என்று பவுன்தாய் நர்ஸிடம் சொன்னாள். அவன் காதில் விழட்டும் என்றே சொன்னாள்.

அவன் காதில் அது விழவில்லை. அங்கே வேறொரு சொல் உட்கார்ந்திருந்தது.

நஞ்சு.

சற்றுமுன் டாக்டரம்மா வெளியே வந்தார். நல்ல மனுஷி. இரண்டு பேருக்கும் புரியட்டும் என்று இங்கிலீஷே கலக்காமல் பேசினார்.

"நஞ்சு புண்ணாயிருக்கு. அதுல இருந்து கெட்டதெல்லாம் ரத்தத்துல கலக்குது. அதான் பிரஷர் ஏறுது. நஞ்சை வெளிய எடுத்தாத்தான் இறங்கும்."

தாய்க்கும் பிள்ளைக்கும் நடுவே வயிற்றுக்குள் வளர்கிற சதையைச் சொன்னார். பெண்களுக்குள் அதற்கு நஞ்சு என்றுதான் பெயர். பவுன்தாய்க்கு உடனே புரிந்தது. மூன்று பெற்றவள்.

ஆண்பிள்ளைக்கு இதையெல்லாம் யார் சொல்லித் தருகிறார்கள்.

அவனுக்குத் தெரிந்த நஞ்சு வேறு.

அவன் கூலிக்கு மருந்து அடிக்கிறவன். திராட்சைப் பந்தலுக்கு அடியில் நின்று மேல்நோக்கி அடிக்க வேண்டும். பாதி இலைக்கு, பாதி அடிக்கிறவன் தலைக்கு. ஊரே அதை மருந்து என்றுதான் சொல்லும். போன மாசியில் ஒரு அதிகாரி வந்து கூட்டம் போட்டு, நீங்கள் அடிப்பது மருந்து இல்லை ஐயா, நஞ்சு என்று மைக்கில் சொன்னார். எல்லோரும் டீயைக் குடித்துவிட்டு வந்தார்கள். அவனும்தான்.

அந்த உடம்போடுதான் தினமும் வீட்டுக்குப் போனான். அவள் பக்கத்தில்தான் படுத்தான். பிள்ளை உதைக்கிறதா என்று அவள் வயிற்றில் காதை வைத்துக் கேட்டான்.

தன்னிடமிருந்துதான் அவளுக்குப் போயிருக்கிறது.

இப்போது மிச்சம் இருப்பதையும் பாட்டிலில் பிடித்து ஏற்றப் போகிறார்கள்.

அழுகை வந்தது. இங்கே நின்று அழுவதற்கும் தனக்கு யோக்கியதை இல்லை என்று தோன்றியது.

நர்ஸ் வேறு யாராவது தருவார்களா என்று கேட்டு வரப் போனார். அடுத்த அறையிலிருந்து, ரத்தம் வந்துவிட்டதா என்று ஒரு குரல் கேட்டது.

பவுன்தாய் எழுந்து நேராக அவன் முன்னால் வந்து நின்றாள். மாப்பிள்ளைக்கு எதிரே இப்படி ஒருநாளும் நின்றவள் இல்லை. என் மகள் சாகட்டும் என்றுதான் நிற்கிறீர்களா என்று கேட்டாள்.

அவன் கட்டிய கைகளைப் பிரிக்காமலே சொன்னான்.

"என் ரத்தம் வேணாம் அத்தே. நான் மருந்து அடிக்கிறவன். அவளுக்குள்ள நஞ்சு போனதே என்னாலதான்."

பவுன்தாய் அவன் முகத்தையே பார்த்தாள்.

வேறொரு நாளாக இருந்தால் தெரு முழுக்கச் சொல்லிச் சிரித்திருப்பாள். இப்போது அவளுக்கு, இவனையா அப்படிப் பேசினோம் என்று இருந்தது.

"அது அந்த நஞ்சு இல்ல மாப்ள. மாட்டுக்கு இளங்கொடிம்பாங்கள்ல, அதான் மனுசிக்கு நஞ்சு. இத்தன நாளா உங்க புள்ளைக்குச் சோறு ஊட்டுனது அதான். இப்ப அதுக்கே மேலுக்கு முடியாமப் போச்சு."

அவன் மெதுவாகக் கைகளை முன்னால் கொண்டுவந்தான். கன்று போட்ட மாட்டைப் பார்த்திருக்கிறான். கொடி முழுசாக விழுந்ததா என்று வீட்டுக்காரர்கள் பின்னாலேயே நின்று பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

கொஞ்சம் மூச்சு வந்தது.

பிறகு, அது ஏன் புண்ணானது என்று கேட்டான்.

பவுன்தாய்க்குத் தெரியவில்லை. தனியாகத் திரும்பி வந்த நர்ஸைப் பார்த்தாள். ஏன் என்று பெரிய பெரிய டாக்டர்களுக்கே இன்னும் முழுசாகப் பிடிபடவில்லை என்றார் நர்ஸ். அதைப் பேச இப்போது நேரமில்லை என்றும் சொன்னார்.

அவன் படுத்தான்.

ஊசி ஏறியது. குழாய் வழியாகப் பைக்குள் ரத்தம் இறங்கத் தொடங்கியது. முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்ளுங்கள், பார்த்தால் மயக்கம் வரும் என்று நர்ஸ் சொன்னார்.

அவன் திருப்பவில்லை.

ரத்தம் சிவப்பாகத்தான் இருந்தது. எல்லோருக்கும் இருப்பதுபோலத்தான் இருந்தது.

பை நிரம்பும்வரை அவன் அதிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.