நாலரை விரல்

தடம் ஊதா நிறத்தில் இருந்தது. அச்சகத்து டிசைன் பெண்ணின் வெள்ளைச் சட்டையில், இடுப்புக்குச் சற்று மேலே, அழுத்திப் பதிந்திருந்தது.

நாலு விரல் முழுசு. சுண்டுவிரல் பாதி.

அச்சகத்தில் அந்தப் பாதி விரலைத் தெரியாதவர்கள் கிடையாது. மேனேஜர் இளவயதில் காகிதம் வெட்டும் இயந்திரத்துக்குக் கொடுத்தது மீதிப் பாதி.

மேடையில் பாட்டு காதைப் பிளந்தது. எங்கோ சாமி பேரைச் சொல்லி ஆசையாக வண்ணப்பொடி பூசிக்கொள்வதை இங்கே டிக்கெட் போட்டு விற்கிறார்கள். அந்த டிக்கெட்டை அச்சடித்த வகையில் அச்சகத்துக்காரர்களுக்கு ஓசி. ஓசி என்றதும் ஒருத்தர் பாக்கியில்லாமல் வெள்ளைச் சட்டையோடு வந்து நின்றார்கள்.

பிழை திருத்தும் அக்காவும் வந்திருந்தாள். ஒரு புள்ளி விட்டுப்போனாலும் பிடித்துவிடுவாள் என்று அவளுக்குப் புள்ளியக்கா என்றே பேர்.

டிசைன் பெண் அவள் காதருகே வந்து கத்தினாள். கத்தினால்தான் கேட்கும்.

"அக்கா, கூட்டத்துல அந்தாளு மறுபடியும் கை வச்சுட்டான். பின்னாடி தடம் இருக்கா பாருங்க. இருந்தா ஒரு போட்டோ எடுங்க, இந்தத் தடவை விடமாட்டேன்."

செல்போனை அக்காவின் கையில் திணித்துவிட்டு முதுகைக் காட்டி நின்றாள்.

போன மாதம் அவள் கொடுத்த புகார், சாட்சி இல்லை என்று தள்ளுபடியானது. பக்கத்து மேஜைக்காரியான அக்கா, தான் குனிந்து புரூஃப் பார்த்துக்கொண்டிருந்ததாக விசாரணையில் சொல்லியிருந்தாள். அக்கா பாவம், பார்த்திருந்தால் சொல்லாமலா இருப்பார் என்று அவளுக்காகப் பரிந்து பேசியதும் இந்தப் பெண்தான்.

இப்போது சாட்சி சட்டையிலேயே இருந்தது. அக்கா போனை உயர்த்தினாள். விரல்கள் ஒவ்வொன்றும் திரையில் தெளிவாக விழுந்தன.

அந்தப் பக்கம் மேனேஜர் இரண்டு கையையும் தூக்கி ஆடிக்கொண்டிருந்தார். கூடவே ஆடினான், இந்த மாதம் பைண்டிங்கில் சேர்ந்த அக்காவின் மகன்.

அக்காவுக்குத் தன்மேலேயே காறித் துப்பலாம் போலிருந்தது. போனைத் தாழ்த்தினாள். கையிலிருந்த மஞ்சள் பொட்டலத்தைப் பிரித்து, நாலாபக்கமும் பறந்த பொடியோடு பொடியாக அந்த முதுகில் அள்ளித் தூவினாள். ஊதா மறையும்வரை தூவினாள்.

ஒன்றும் தெரியவில்லை, எல்லாம் ஒன்றோடொன்று கலந்துவிட்டது என்று கத்திச் சொன்னாள்.

பெண் திரும்பினாள். முகம் வாடிப் போயிருந்தது. ஆனாலும் அக்காவின் கன்னத்தில் ஒரு சிட்டிகை பூசிவிட்டாள்.

"பரவால்லக்கா, நீங்க என்ன பண்ணுவீங்க."

போன மாதம், புகார் கொடுத்த அன்றைக்கே அக்கா மேனேஜர் அறைக்குப் போயிருந்தாள். பார்த்ததையெல்லாம் ஒன்று விடாமல் அவரிடம் சொன்னாள். அவர் முகம் வெளுத்தது.

அதன்பிறகுதான் மகனுக்கு வேலை கேட்டாள்.