மன்னிக்கிற கார்

2005 அக்டோபர் 9, ஞாயிற்றுக்கிழமை. ஜெர்மனியின் ஐஃபல் மலைக்காட்டுக்குள் ஓடும் பந்தயப் பாதை, மழை விட்டபின் பிற்பகலில் பொதுமக்களின் கார்களுக்குத் திறந்துவிடப்பட்டது.

வாயிலுக்கு எதிரே இருந்த சிற்றுண்டிக் கூடாரத்தில் எக்கார்ட் லென்னார்ட்ஸ் வழக்கமான மேசையில் பட்டாணி சூப் குடித்துக்கொண்டிருந்தார். சுற்றிலும் வழக்கமான நண்பர்கள்.

நல்ல ஸ்போர்ட்ஸ் கார் எது என்று மாதப் பத்திரிகை ஒன்றில் அவர் வெகுகாலமாக எழுதி வந்தார். எடை குறைவாக இருக்க வேண்டும். சக்கரத்தடியில் ஒரு சிறு கல் மாட்டினாலும் ஸ்டீயரிங் பிடித்த விரலுக்கு அது தெரிய வேண்டும். இவை எல்லோரும் சொல்வதுதான். மூன்றாவதுதான் அவருக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது.

'ஓட்டுபவரை மன்னிக்கிற கார், கார்தான். ஸ்போர்ட்ஸ் கார் அல்ல.'

சறுக்கும் காரைத் தானாகவே பிரேக் பிடித்து நேராக்கும் மின்னணுக் கருவியைத்தான் சொன்னார். அதைப் படித்தவர்கள் அந்தக் கருவியின் ஃபியூஸைப் பிடுங்கிச் சாவிக்கொத்தில் மாட்டிக்கொண்டார்கள்.

ஃபியூஸ் இருக்கிற காரில், சாவியைத் திருப்பியதும் ஒரு மஞ்சள் விளக்கு எரிந்து மூன்று வினாடியில் அணைந்துவிடும். பிடுங்கிய காரில் அது அணையவே அணையாது. கை குலுக்குவதற்கு முன் ஒருவர் காருக்குள் மற்றவர் குனிந்து, மஞ்சள் தெரிகிறதா என்று பார்த்துக்கொள்வது அந்தக் கூட்டத்தின் வழக்கம்.

எக்கார்டின் காருக்குள் யாரும் குனிந்ததில்லை. பாதிரியாரிடம் போய் ஞானஸ்நானச் சான்றிதழ் கேட்பார்களா?

நீல நிறக் கார் ஒன்று வந்து நின்றது. இறங்கிய பெண் நேராக மேசைக்கு வந்தாள். விப்கே யான்சன் என்று பெயர் சொன்னாள். வடகடலோரத்தில் செவிலியர். வழி முழுக்க மழையில் ஓட்டி வந்திருக்கிறாள்.

"ஹெர் லென்னார்ட்ஸ், நீங்க எழுதினது ஒண்ணு விடாம படிச்சிருக்கேன்." சாவிக்கொத்தை நீட்டினாள். சிவப்பு ஃபியூஸ் தொங்கியது. "இந்தப் பாதையில இன்னிக்குதான் மொத தடவ. தரை ஈரமா இருக்கே, இத திருப்பிப் போட்டுக்கவா? ஒரு நிமிஷ வேலதான்."

எக்கார்டின் நண்பர் மான்ஃப்ரெட் முந்திக்கொண்டார். "அப்படியே அம்மாவையும் பின்சீட்டுல ஏத்திக்கோங்க. பயமா இருந்தா கையப் புடிச்சுக்கலாம்."

"பின்சீட்டே இல்லீங்களே."

"அதத்தான் சொல்றேன். ஸ்போர்ட்ஸ் கார்ல அம்மாவுக்கு எடம் கெடையாது."

மேசையே சிரித்தது. விப்கேயும் சிரித்தாள். கண் மட்டும் எக்கார்டின் முகத்திலேயே இருந்தது.

போட்டுக்கொள்ளுங்கள் என்று ஒரு சொல் போதும். அது நாக்கு நுனிவரை வந்துவிட்டது. உதிர்ந்த இலைகள் ஒட்டிக் கிடக்கும் வளைவுகள் எவை, மரநிழலில் எந்த இடம் சாயங்காலம்வரை காயாது என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம்.

நண்பர்கள் கரண்டியை நிறுத்திவிட்டு அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஈரத்துலதான் கார் நம்மகிட்ட பேசும்," என்றார்.

அதுவும் அவர் எழுதியதுதான். பாதியிலேயே அவள் உதடும் சேர்ந்து சொல்லி முடித்தது.

நன்றி சொல்லிவிட்டு ஓடினாள்.

நீலக் கார் வாயில் தடுப்பைத் தாண்டும்போது எக்கார்ட் எழுந்து நின்றார். கை தானாக உயர்ந்தது. வழியனுப்புகிறார் என்று எண்ணி அவளும் கையசைத்துவிட்டுப் போனாள்.

அவர் உட்கார்ந்தார். சூப்பில் ஏடு படிந்தது. ஒவ்வொரு காராக வெளியே வந்தது. நீலம் வரவில்லை.

வாயிலில் சிவப்பு விளக்கு எரிந்தது. பாதை மூடப்பட்டதாக ஒலிபெருக்கி சொன்னது. கொஞ்ச நேரத்தில் மரங்களுக்கு அப்பால் ஒரு ஹெலிகாப்டர் இறங்கியது.

மான்ஃப்ரெட் போய் விசாரித்துக்கொண்டு வந்தார். "உயிருக்கு ஒண்ணும் இல்லயாம். இடுப்புக்குக் கீழ உணர்ச்சி இல்லங்கிறாங்க." பிறகு, ஆறுதல் சொல்வதுபோல, எக்கார்டின் தோளைத் தட்டினார். "கார் சுக்குநூறா கெடக்கு. மஞ்சள் விளக்கு மட்டும் இன்னும் எரியுதாம். நம்ம பொண்ணுய்யா அது."

எக்கார்ட் யாரிடமும் விடைபெறவில்லை. தன் காரில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார். சாவியைத் திருப்பினார்.

மஞ்சள் விளக்கு எரிந்தது.

மூன்று வினாடியில் அணைந்தது.