நாட்டிலேயே மூன்றாமிடம்

“நீங்க வரலைன்னா இந்த விழாவே வேஸ்ட்டும்மா!”

துணைவேந்தர் அருணகிரி ஆய்வகத்து வாசலில் நின்று சொன்னார். காலையிலிருந்து போனில் கூப்பிட்டுப் பார்த்து, பிறகு ஆள் அனுப்பிப் பார்த்து, கடைசியில் தானே மாடியேறி வந்துவிட்டார். மூச்சு வாங்கியது.

அம்பரீன் கையுறைகளைக் கழற்றியபடி எழுந்து நின்றாள்.

“உடம்பு முடியல சார். உமர் வருவாரு. அவரே பேசிடுவாரு.”

“உடம்புக்கு இன்னா?”

“அசதிதான் சார்.”

அருணகிரி அரக்கோணத்துக்காரர். இந்தப் பல்கலைக்கழகத்தில் பொறுப்பேற்று ஒரு மாதம்கூட ஆகவில்லை. அதற்குள் அந்தப் பட்டியல் வெளியாகிவிட்டது. நுண்ணுயிரியல் ஆராய்ச்சியில் எந்தப் பல்கலைக்கழகத்தின் கட்டுரைகளை உலகத்து விஞ்ஞானிகள் அதிகம் மேற்கோள் காட்டுகிறார்கள் என்று பார்த்து, வரிசைப்படுத்திப் போடுகிற பட்டியல். அதில், ஆம்பூருக்குப் போகிற நெடுஞ்சாலையோரம் இருக்கிற இவர்கள் பல்கலைக்கழகம் நாட்டிலேயே மூன்றாமிடம். போன வருஷம் பட்டியலிலேயே பெயர் இல்லை.

அத்தனைக்கும் காரணம் ஒரே ஒரு கட்டுரை. அம்பரீன் எழுதியது.

“நாளைக்கு சென்னையிலிருந்து பெரிய ஆளுங்க வர்றாங்க. புது லேப் கட்டித் தர்றோம்னு சொல்லியிருக்காங்க. நம்ம ஸ்டூடண்ட்ஸ் ஒவ்வொரு டெஸ்ட்டுக்கும் ட்ரெயின் பிடிச்சு சென்னைக்கு ஓடறது நிக்கும்ல? அவங்க பார்க்க வர்றது உங்களை. நான் உமரைக் காட்டினா நல்லாவா இருக்கும்?”

பக்கத்து மேசையிலிருந்த உதவிப் பேராசிரியர் உமர் ஃபாரூக் சட்டென்று எழுந்தான்.

“சார், நான் சமாளிச்சுக்கறேன். மேடத்தை விட்டுடுங்க.”

“நீ சும்மா இருப்பா” என்று அருணகிரி ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “நான் ஃபிசிக்ஸ்காரன். இருந்தாலும் உங்க கட்டுரையைப் படிச்சேம்மா. பாதி புரியல. எந்த மருந்துக்கும் சாகாத ஒரு கிருமி. ஒரு பேஷண்ட்டோட ரத்தத்துலேர்ந்து எடுத்தது. சரிதானே?”

“சரிதான் சார்.”

“யாரு அந்த ஆளு?”

“பேரு சொல்லக் கூடாது சார்.”

“பேரு வேணாம். மேடையில ரெண்டு வார்த்தை சொல்றதுக்குத்தான்.”

அம்பரீன் கழற்றிய கையுறைகளைக் குப்பைத் தொட்டியில் போட்டாள்.

“ஆம்பூர் ஆளு. ஷூ கம்பெனியில தோல் கட்டிங். கையில சின்னக் காயம்தான். ஒண்ணும் ஆகாதுன்னு விட்டுட்டாரு. ஜுரம் வந்து ஆஸ்பத்திரியில சேர்த்தப்ப ரத்தம் பூரா பரவிடிச்சு. கொடுத்த எந்த மருந்தும் கேக்கல.”

“ஒடனே நீங்க இங்க ஆரம்பிச்சுட்டீங்க. இந்த மருந்தோட அது, அந்த மருந்தோட இதுன்னு எத்தனை விதமா சேர்த்துப் பார்த்திருக்கீங்க! கட்டுரையில இருக்கற அந்த டேபிளைப் பார்த்தாலே தெரியுதும்மா, நீங்க வீட்டுக்கே போயிருக்க மாட்டீங்க. யாரோ ஒரு பேஷண்ட்டுக்காக இவ்ளோ பண்ண யாருக்கு மனசு வரும்?”

அவள் மேசையிலிருந்த கண்ணாடித் தட்டுகளை அடுக்கத் தொடங்கினாள்.

“கடைசியில ஏதாவது கேட்டுச்சா?”

“கேட்டுச்சு சார். ரெண்டு மருந்தைச் சேர்த்துப் போட்டப்ப கிருமி அடங்கிடிச்சு. இப்ப வெளிநாட்டுலகூட அதைக் கொடுத்துப் பார்க்கறாங்க. சில பேரு பொழைச்சிருக்காங்களாம்.”

“அடேயப்பா! அப்ப நம்ம ஆம்பூர்க்காரரும் பொழைச்சுட்டாரா?”

“இல்ல சார். நான் அதைக் கண்டுபிடிக்கறதுக்கு முன்னாடியே அடக்கம் பண்ணிட்டாங்க.”

அருணகிரி ஸ்டூலை இன்னும் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“ஆளே போன பிறகும் நீங்க விடலையா?”

“பாதியில விட முடியல சார்.”

“அதாம்மா ஆராய்ச்சி! ஒரு விதத்துல, அந்தக் கிருமி நம்ம கைக்குக் கெடைச்சது நம்ம அதிர்ஷ்டம்தான்.”

உமர் நாற்காலியைச் சத்தமாக நகர்த்தினான். “சார், கீழ போய் டீ சாப்பிடலாமா? இங்க இருக்க வேணாம்.”

“இருப்பா, பேசிட்டிருக்கேன்ல.”

அம்பரீன் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தாள். அவள் முகத்தைப் பார்த்த அருணகிரிக்கு மனசு இளகியது. குரலைத் தாழ்த்தினார்.

“சரிம்மா, உங்களைப் படுத்தல. நீங்க பேச வேணாம். ஆனா ஒண்ணு தோணுது. நாமளே பேர் வாங்கிட்டு, நாமளே பிரியாணி சாப்பிட்டுப் போறது நல்லா இல்ல. அந்த ஆளோட சம்சாரம் இருப்பாங்கல்ல? அவங்களை வரவழைச்சு மேடையில ஒக்கார வெச்சு, மரியாதையா ஒரு சால்வை போடலாம். இதோ இருக்கு ஆம்பூர், நானே காரை அனுப்பறேன். கூப்பிட்டா வருவாங்களா?”

உமர் தலையைக் குனிந்துகொண்டான்.

“காலையிலேர்ந்து அவங்களைத்தான் சார் கூப்பிட்டுட்டே இருக்கீங்க” என்றாள் அம்பரீன்.