வயிற்றுத் துண்டு

காலை வெயில் குளத்தில் பட்டுத் தகரக் கூரையின் அடியில் நெளிகிறது. கும்மிடிப்பூண்டி இரும்பாலையின் இரவு வேலையை விட்டு மீன் வளர்க்க வந்த எழிலரசன், ஈஸ்வரியின் வாயையே பார்த்து நிற்கிறான். பழவேற்காட்டு ஏரி மீன் மட்டுமே விற்கும் அவள் சரி என்றால்தான் அவன் கெண்டைக்குப் பொன்னேரிச் சந்தையில் இடம். அவன் மனைவி வினோதா மிளகாய்த்தூள் அப்பிப் பொரித்த துண்டை நீட்டுகிறாள். ஈஸ்வரி தட்டைத் தள்ளுகிறாள். "மசாலாவையா விக்கப் போறேன்? வயித்துத் துண்டை வெறும் உப்புல வேவ வெச்சுக் குடும்மா. சேத்து வாடை கொழுப்புலதான் குந்திக்கினு இருக்கும்." "பாசியும் தவிடும்தான் தீனி, மருந்தே கெடையாதுக்கா. வயிறு சுத்தமாவட்டும்னு நல்ல தண்ணியில பட்டினி போட்டேன்," என்கிறான். "மீனையா? பாத்தா நீதான் பட்டினி கெடந்த மாதிரி கீற." வினோதா சிரிக்கிறாள். சட்டியில் ஆவி பறக்கிறது. ஈஸ்வரி வெந்த துண்டை முகர்கிறாள், பிய்க்கிறாள், கண்ணை மூடி மெல்கிறாள். குளத்தில் ஒரு மீன் துள்ளி விழுகிறது. எழிலரசன் அந்தப் பக்கம் திரும்பவில்லை. அவள் முள்ளைத் துப்பிவிட்டு, விரலில் ஒட்டிய கொழுப்பை நக்குகிறாள். "இன்னா மரமாட்டம் நிக்கிற? ஐஸ் பொட்டியைத் தூக்கினு வா. பொன்னேரி பஸ்ஸு போயிடப் போவுது."