மூன்று பேர் மட்டும் ஜெயித்த கட்சி

"தோக்குறதுக்கா அண்ணே உங்களைத் தேடி வந்திருக்கோம்? இந்தத் தொகுதி நமக்குத்தான், எழுதி வச்சுக்குங்க."

மாவட்டச் செயலாளர் வளவன் சொல்லச் சொல்ல, துரைராசுவுக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. போன தேர்தலில் சுயேச்சையாக நின்று இருநூற்றுப் பன்னிரண்டு ஓட்டு வாங்கியவர் அவர். சிங்கப்பூரில் இருபது வருஷம் பாடுபட்டுத் திரும்பிய மனுஷனை வலங்கைமான் கடைத்தெருவில் 'இருநூத்திப் பன்னெண்டு' என்றே கூப்பிட்டார்கள். எத்தனை நாளைக்குத்தான் பொறுப்பது? இந்தத் தடவை ஜெயித்தே ஆக வேண்டும்.

வளவனுடையது சின்னக் கட்சிதான். அங்கீகாரம் கிடையாது. நின்ற இடமெல்லாம் டெபாசிட் காலி. ஆனால் துரைராசு சிங்கப்பூரில் இருந்த காலத்தில் மூன்றே மூன்று பேர் மட்டும் எல்லாரும் வாய் பிளக்கும்படி ஜெயித்திருந்தார்கள். வடக்கே ஒரு எம்.பி., இங்கே சீர்காழிப் பக்கமும் பூதலூர்ப் பக்கமும் ஆளுக்கொரு ஒன்றியக் கவுன்சிலர்.

அது எப்படி என்று துரைராசு கேட்டார். கடைசி வாரத்தில் ஜனங்க மனசு அப்படியே நம்ம பக்கம் திரும்பிடும் என்றார் வளவன். ஜெயித்தவர்களிடம் ஒரு வார்த்தை பேச வேண்டுமே என்றதும் பேச்சை மாற்றிவிட்டார்.

துரைராசுவின் மனைவி பிரகதாம்பாளுக்குத்தான் என்னவோ போல இருந்தது. வந்த கட்சிக்காரர்களில் ஒருத்தர்கூட அவள் கணவரின் முகத்தை நேராகப் பார்க்கவில்லை. காப்பி போட்டுக் கொடுத்தால் வேண்டாம் என்றார்கள். அந்த வீட்டில் ஒரு வாய்த் தண்ணீர்கூட யாரும் குடிக்கவில்லை.

மனுவை வாபஸ் வாங்கக் கடைசி நாள் மூன்று மணியோடு முடிந்தது. மூன்று ஐந்துக்கு வளவன் போன் பண்ணினார்.

"இனிமே நீங்களே நெனச்சாலும் விலக முடியாதுண்ணே. பட்டியல்ல பேரு ஏறிடுச்சு."

அவர் குரலில் அப்படியொரு நிம்மதி. துரைராசுவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

பிரகதாம்பாள் சும்மா இருக்கவில்லை. சொந்தக்காரர்களிடம் விசாரித்துப் பூதலூர்க் கவுன்சிலர் வீட்டு நம்பரை வாங்கி, அவர் மனைவியிடம் பேசிவிட்டு வந்தாள்.

"என்னங்க, அந்த அம்மா அழுவுறாங்க. நல்லா இருந்த மனுஷன், ஓட்டுப்பதிவுக்கு ஏழு நாள் முன்னாடி செத்துட்டாராம். பெரிய கட்சி வேட்பாளர்னா தேர்தலையே நிறுத்திடுவாங்களாம். இது சின்னக் கட்சிங்கிறதால பேரை எடுக்காம அப்படியே நடத்திட்டாங்க. பாவம்னு ஊரே அவருக்குக் குத்தியிருக்கு. சீர்காழிக்காரரும் அப்படித்தானாம். அந்த எம்.பி.யும் அப்படித்தானாம்."

துரைராசு சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார். ஓட்டுப்பதிவுக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது.

மறுபடியும் போன் அடித்தது. வளவன்தான். குரல் ரொம்பக் கனிவாக இருந்தது.

"அண்ணே, காலையில ஆத்தங்கரையில நடக்கப் போவீங்களாமே... தனியாத்தானே போவீங்க?"